ஸ்டார் சார்ட்டைக் கழற்றிய பிறகு: ஒரு தொடக்கப் பள்ளி நூலகத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள ஒரு தொடக்கப் பள்ளி. ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்கு ஒரு நூலக வேளை, 40 நிமிடம். தனி அறை, சுவரை ஒட்டி அலமாரிகள், நடுவில் தாழ்வான மேசைகள், ஒரு மூலையில் பாய். புத்தகங்களுக்குக் குறைவில்லை. கதவும் பூட்டிக் கிடக்கவில்லை. பல பள்ளிகளில் பீரோவுக்குள் புத்தகத்தைப் பூட்டிவைத்துச் சாவியைத் தேடுவார்கள். இங்கே அந்தச் சிக்கல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வு புத்தகம் கிடைக்காத குழந்தைகளைப் பற்றியது அல்ல.

நூலகப் பொறுப்பு என்னிடம் வந்தபோது அறையின் முகப்பிலேயே ஒரு பெரிய சார்ட் தொங்கியது. இடப்பக்கம் மாணவர் பெயர்கள், வலப்பக்கம் கட்டங்கள். ஒரு புத்தகம் எடுத்து, படித்து, கதைச்சுருக்க நோட்டில் ஐந்து வரி எழுதிக் காட்டினால் ஒரு வெள்ளி ஸ்டார். பருவ முடிவில் அதிக ஸ்டார் வாங்கியவருக்குக் காலை வணக்கக் கூட்டத்தில் சான்றிதழ். ஏற்பாடு பழையது, எல்லோருக்கும் பிடித்தது. வழங்கல் பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் நிறைந்திருந்தது. பள்ளியைப் பார்வையிட வருபவர்களுக்கு முதலில் காட்டப்படுவது அந்தப் பதிவேடும் அந்தச் சார்ட்டும்தான்.

கவனித்தவை

முதலில் கண்ணில் பட்டது புத்தகங்களின் தேய்மானம். ஒல்லியான படப் புத்தகங்கள் மட்டும் ஓரம் சுருண்டு, பின் கழன்று கிடந்தன. அவற்றைவிடக் கொஞ்சம் தடிமனானவை, அத்தியாயம் பிரித்தவை, அறிவியல் நூல்கள் எல்லாம் கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தன. குழந்தைகள் அலமாரி முன் நின்று பக்கங்களை எண்ணுவதையும் பார்த்தேன். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கத்தில் வரும். அச்சுத் தாளை மடித்தால் 16 பக்கம் கிடைக்கிறது, அப்படி இரண்டு மடிப்பு என்பது அச்சகத்தின் கணக்கு. இங்கே அதுவே ஸ்டாரின் விலையாகிவிட்டது. 48 பக்கம் என்றால் புத்தகம் அலமாரிக்கே திரும்பிவிடும்.

அடுத்தது கதைச்சுருக்க நோட்டுகள். ஒரு மாலை உட்கார்ந்து நான்காம் வகுப்பின் நோட்டுகளை முழுக்கப் படித்தேன். முதல் இரண்டு வரிகள் பின்னட்டையில் இருப்பவை, அப்படியே. நடுவில் “இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.” கடைசியில் ஒரு நீதி. பாலங்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்று விளக்கும் ஒரு நூலுக்குக்கூட ஒரு பையன் “இதன் நீதி: ஒற்றுமையே பலம்” என்று எழுதியிருந்தான். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பில்லை, ஆனால் புத்தகத்தை அவன் திறக்கவில்லை.

சந்தேகத்தை உறுதியாக்கியது வேறொன்று. அலமாரியைத் துடைக்கும்போது ஒரு படப் புத்தகத்தின் நடுவில் இரண்டு தாள்கள் விளிம்பில் ஒட்டியிருப்பதைக் கண்டேன். அச்சகத்தில் வெட்டும்போது விடுபட்ட மடிப்பு. விரலை நுழைத்தாலே கிழிந்து பிரிந்துவிடும், ஆனால் யாரும் நுழைக்கவில்லை. பதிவேட்டில் தேடினால் அதே புத்தகத்துக்குப் பலர் ஸ்டார் வாங்கியிருந்தார்கள். அந்த இரண்டு பக்கங்களில்தான் கதையில் தொலைந்துபோன குட்டி கிடைக்கிறது.

இரண்டு குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருவரும் நான்காம் வகுப்பு.

சார்ட்டில் முதலிடம் ஒரு சிறுமிக்கு. காலையில் ஒரு புத்தகம், மதிய இடைவேளையில் திருப்பி அடுத்தது. நன்றாகப் படிக்கக்கூடியவள், உச்சரிப்பில் தடங்கலே இல்லை. “இதில் உனக்குப் பிடிச்ச இடம் எது?” என்று கேட்டால் சட்டென்று நோட்டை எடுத்து நீட்டுவாள். அவளைப் பொறுத்தவரை கேள்விக்கு விடை நோட்டில் இருந்தது.

பட்டியலின் அடியில் ஒரு பையன். ஒரு ஸ்டார்கூட இல்லை. வழங்கல் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வாரா வாரம் ஒரே சேர்க்கை எண், அதாவது நூலகம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரும் எண். கடல் உயிரினங்களைப் பற்றிய பெரிய படப் புத்தகம், அதையே திருப்பித் திருப்பி எடுத்தான். ஒரே புத்தகத்துக்கு இரண்டாம் ஸ்டார் கிடையாது என்பது விதி. ‘வேற எடு’ என்று முன்பு சொல்லியிருக்கிறார்கள். அவன் வேறு ஒன்றை எடுத்து, அடுத்த நாளே கொடுத்துவிட்டு, மறுபடி கடலுக்கே போய்விட்டான். சோம்பேறி என்று வகுப்பில் ஒரு பேர் விழுந்திருந்தது.

ஒரு நாள் அந்தப் புத்தகத்தோடு அவன் அருகில் உட்கார்ந்தேன். ஆக்டோபஸ் பக்கம் விரிந்திருந்தது. “மிஸ், இதுக்கு மூணு இதயம். ரத்தம் நீலமா இருக்கும்” என்றான். ஏன் நீலம் என்றேன். “நம்ம ரத்தத்துல இரும்பு, அதோடதுல செம்பு” என்று விடை வந்தது. சரியான விடை. ‘அந்த வரியைப் படிச்சுக் காட்டு’ என்றேன். முதல் சொல்லிலேயே நின்றான். எழுத்துக்கூட்டினான், பாதியில் விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்து மீதியைச் சொன்னான். அக்கா வீட்டில் படித்துக் காட்டுவாளாம். அதைக் கேட்டுக் கேட்டு மொத்தப் புத்தகமும் மனப்பாடம்.

இரண்டு குழந்தைகளுக்கும் நடுவே நின்று பார்த்தால் சார்ட் எதை அளந்தது என்பது தெளிவாகிறது. புத்தகம் எத்தனை முறை மேசையைக் கடந்தது என்பதைத்தான் அது அளந்தது. அதைத்தான் குழந்தைகளும் செய்தார்கள்.

வாசிப்பைப் பற்றி 1986-ல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு எளிய வாய்பாட்டை முன்வைத்தார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன், கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறன், இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாசித்துப் புரிந்துகொள்ளுதல். கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யத்தை நெருங்கினால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. அந்தப் பையனிடம் இரண்டாவது நிறைய இருந்தது, முதலாவதுதான் இல்லை. அவனுக்கு வேண்டியது ஆர்வமூட்டல் இல்லை, எழுத்துப் பயிற்சி. நான்காம் வகுப்பு வரை அது யார் கண்ணுக்கும் படாமல் போனதற்கு அவனுடைய நினைவாற்றலும் ஒரு காரணம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தலைமையாசிரியரிடம் போனேன். வெட்டாத தாள்கள் இருந்த புத்தகத்தையும் கொண்டுபோனேன், பேச்சைவிட அது வேலை செய்தது. ஆனாலும் அவருடைய கேள்வி நியாயமானது: “ஸ்டாரை எடுத்துட்டா இப்ப எடுக்கிறவங்களும் எடுக்க மாட்டாங்களே?”

இதற்குப் பதிலாக நான் சொன்னது 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையை. ஏற்கெனவே படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் தங்க ஸ்டார் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்துச் சும்மா விளையாட விட்டபோது, பரிசு சொல்லி வரைய வைக்கப்பட்ட குழந்தைகள்தான் மற்றவர்களைவிட மிகக் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. ஆக, பரிசு என்பதே தீங்கில்லை. ‘செய்தால் தருவேன்’ என்ற பேரம்தான் ஆசையை அரிக்கிறது. தானாகப் புத்தகத்தைத் தொடும் குழந்தையிடம் அந்தப் பேரம் தேவையே இல்லை.

சார்ட்டைப் பருவ நடுவில் கழற்றவில்லை. உழைத்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்து முடித்து, அடுத்த பருவத்திலிருந்து வேண்டாம் என்று முடிவானது. பாதி ஆட்டத்தில் விதியை மாற்றினால் குழந்தைகள் மன்னிக்க மாட்டார்கள்.

கதைச்சுருக்க நோட்டும் நின்றது. அதற்குப் பதில் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு சிறு சீட்டு செருகினோம். ‘இதை அடுத்து யாருக்குக் கொடுக்கலாம்?’ என்று ஒரே கேள்வி. பெயர் எழுதலாம், எழுதாமலும் விடலாம். எழுதாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். கூடவே மேசையில் ஒரு நோட்டு: வேண்டிய புத்தகம் வெளியே போயிருந்தால் அதில் தன் பெயரை எழுதிக் காத்திருக்கலாம்.

40 நிமிடத்தைப் பிரித்தோம். முதல் கால் மணி நேரம் நான் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். பெரிய கதையென்றால் வாரா வாரம் தொடரும், நிறுத்துகிற இடத்தைக் கொஞ்சம் பொல்லாத்தனமாகவே தேர்ந்தெடுப்பேன். அடுத்த 20 நிமிடம் அவரவர் புத்தகம், அவரவர் இடம். மீதி நேரம் எடுப்பதும் கொடுப்பதும். முன்பு முழு வேளையும் வரிசையில் நிற்பதிலேயே போய்க்கொண்டிருந்தது. வாரத்தில் ஒருமுறை நூலகத்துக்கு வரும் குழந்தை அங்கே படிக்கவே நேரமில்லாமல் திரும்புவதைப் போல விசித்திரம் வேறில்லை.

ஒரே புத்தகத்தை எத்தனை வாரம் வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம், காத்திருப்பு நோட்டில் வேறு பெயர் இல்லாதவரை. இந்த விதி அந்தப் பையனுக்காகவே வந்தது என்று சொன்னால் மிகையில்லை. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. அவனுக்கான நூல் எது என்பதை அவனே கண்டுபிடித்துவிட்டான். அதை அவன் கையிலிருந்து பிடுங்குவது நூலகத்தின் வேலை இல்லை.

ஐந்து விரல் முறையையும் இதே காரணத்தால் கட்டாயமாக்கவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்து தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, ஐந்தும் மடங்கினால் புத்தகம் கடினம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். தனியாகப் படிக்கத் தேர்ந்தெடுக்கும்போது உதவும், நானும் சொல்லித்தருகிறேன். ஆனால் அதை வாசல் காவலனாக நிறுத்தினால் கடல் புத்தகம் முதல் வரியிலேயே அவனுக்கு மூடிப்போயிருக்கும்.

அலமாரி மாற்றம்தான் இருப்பதிலேயே எளிய வேலை. ஒல்லிப் புத்தகங்கள் நடுவில் பின் அடித்தவை, அவற்றுக்கு முதுகே கிடையாது. வரிசையில் நிறுத்தினால் பெயரும் தெரியாது, படமும் தெரியாது. வெறும் தாள் விளிம்பு மட்டும் தெரியும். எனவே அவற்றைத் தாழ்வான பெட்டிகளில் அட்டை முன்பக்கம் தெரிய நிறுத்தினோம், இசைத்தட்டுக் கடையில் தட்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். தடித்த நூல்களிலும் அலமாரிக்கு நாலைந்தை முகம் காட்டி வைத்து வாரா வாரம் மாற்றினோம். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூயி பகுப்பு எண்களை எடுக்கவில்லை. ஆனால் 590 என்றால் விலங்குகள், 398.2 என்றால் நாட்டார் கதைகள் என்பது ஏழு வயதுக்குப் பாரம், ஆகையால் எண்ணோடு ஒரு படமும் ஒட்டினோம்.

கிழிந்த புத்தகத்துக்கு அபராதம் இல்லை என்றும் அறிவித்தோம். ‘ஆஸ்பத்திரி’ என்று குழந்தைகள் பேர் வைத்த ஒரு பெட்டி, அதில் போட்டுவிட்டுச் சொன்னால் போதும். செலோடேப் ஒட்டுவதை மட்டும் தடுத்தோம். கொஞ்ச நாளில் அதன் பசை மஞ்சளாகிக் காய்ந்து தாளையும் கெடுத்துவிடும். மெல்லிய தாளும் மாவுப் பசையும் வைத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒட்டக் கற்றுக்கொண்டார்கள்.

தொடர்ந்து நடந்தவை

முதல் சில வாரங்கள் மோசம். வழங்கல் கிட்டத்தட்டப் பாதியாக இறங்கியது. தலைமையாசிரியர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு முறை பார்த்தார். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, “போட்டி இருந்தாத்தான் சார் பிள்ளைங்க முன்னுக்கு வரும்” என்றார். பலர் தலையாட்டினார்கள். வகுப்பாசிரியர் ஒருவர், கதைச்சுருக்கம் எழுதியதால் கையெழுத்தாவது சீர்ப்பட்டது என்று வருத்தப்பட்டார். அது உண்மைதான், மறுக்கவில்லை.

பருவத்தின் நடுப்பகுதியில் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, பழைய உயரத்தைத் தொடவேயில்லை. ஆனால் எடுக்கப்பட்டவற்றின் தன்மை மாறியது. புத்தகங்கள் ஒரே நாளில் திரும்பவில்லை, நாலைந்து நாள் வெளியில் இருந்தன. அத்தியாயம் பிரித்த நூல்கள் நகர்ந்தன, குறிப்பாக நான் வாசித்துக் காட்டிப் பாதியில் நிறுத்தியவை. ஒரு கதையை நிறுத்திய அன்றே காத்திருப்பு நோட்டில் அதற்கு வரிசையாகப் பெயர்கள் விழுந்தன. ஒரே பிரதிதான் இருந்தது. ‘நீ முடிச்சுட்டியா, இல்லையா’ என்ற சண்டை வராந்தா வரை கேட்டது. சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

‘அடுத்து யாருக்கு’ சீட்டு நாங்கள் நினைத்த மாதிரி நடக்கவில்லை. பெண் பிள்ளைகள் தோழிகளுக்குள்ளேயே எழுதிக்கொண்டார்கள். சில பையன்கள் வேண்டாதவர் பெயரை எழுதிக் கேலி செய்தார்கள். ஒரு மாதத்தில் சீட்டைத் திரும்ப எடுத்துவிட்டோம். ஆனால் வாய்ச்சொல்லாக அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது: புத்தகத்தைத் திருப்பித் தரும்போதே “இது அவனுக்குப் பிடிக்கும் மிஸ்” என்று கையைக் காட்டுகிறார்கள்.

கடல் புத்தகப் பையனின் விஷயத்தை வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசினோம், வகுப்பில் யாருக்கும் தெரியாமல். அவர் தினமும் பத்து நிமிடம் எழுத்தும் ஒலியும் சேர்த்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். சிக்கல் பயிற்சிப் புத்தகத்தில் வந்தது. அவன் அளவுக்கு எளிதான புத்தகம் எல்லாம் ஒன்றாம் வகுப்புக்கு உரியவை. பத்து வயதுப் பையன் எல்லோர் எதிரிலும் அதைக் கையில் பிடிப்பானா?

நான்காம் வகுப்பிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்து, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னோம். நன்றாகப் படிப்பவர், தடுமாறுபவர் இருவகையும் கலந்து. இப்போது அந்த எளிய புத்தகத்தை அவன் எடுப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காவிடம் ஒத்திகை பார்த்தான். முதல் முறை படித்துக் காட்டியபோது வரிக்கு வரி விரல் வைத்து, ஒரு சொல்லில் நின்று, அதைத் தாண்டாமல் எழுத்துக்கூட்டி முடித்த பிறகே நகர்ந்தான். எதிரில் உட்கார்ந்திருந்த சின்னவர்களுக்கு அந்த இடைவெளி ஒரு குறையாகத் தெரியவில்லை, அடுத்து என்ன வரும் என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

ஆண்டு முடிவில் அவன் எளிய பத்தியைத் தானாகப் படிக்கிறான், மெதுவாக. வகுப்புப் பாடத்தை எட்ட இன்னும் தூரம் இருக்கிறது. வளர வளர இந்த இடைவெளி தானாகவே விரியக்கூடியது. நன்றாகப் படிப்பவர் நிறையப் படித்து இன்னும் நன்றாகப் படிக்கிறார், தடுமாறுபவர் ஒதுங்கி இன்னும் பின்தங்குகிறார் என்பதை வாசிப்பு ஆய்வாளர் கீத் ஸ்டானோவிச் 1986-ல் ‘மத்தேயு விளைவு’ என்ற பெயரில் விளக்கினார். எனவே ஐந்தாம் வகுப்பிலும் அந்தப் பத்து நிமிடம் தொடர வேண்டும் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம்.

முதலிடச் சிறுமி சார்ட் போன பிறகு நூலகத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். “ஸ்டார் இல்லன்னா எதுக்கு மிஸ்?” என்று நேராகக் கேட்டாள். கோபமில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்ட கேள்வி. சமாதானம் சொல்லவில்லை, சொல்லியும் பயனில்லை. 20 நிமிட வாசிப்பில் ஒரு புத்தகத்தை மடியில் வைத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பல வாரம் அப்படியே விட்டோம். பிறகு புதிர் நூல்கள் இருந்த பெட்டியில் கைவைத்தாள். இன்றுவரை அதை மட்டுமே எடுக்கிறாள், ஒரு புதிருக்கு இரண்டு நாள்கூட மெனக்கெடுகிறாள். அவளுடைய அம்மாவுக்கு இது இறக்கமாகத் தெரிகிறது: “முன்னல்லாம் எவ்வளவு கதைப் புத்தகம் படிச்சா!” அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள முடிகிறது. என் கணிப்பு வேறு, ஆனால் ஒரு வருடத்தில் தீர்ப்பு சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

சார்ட்டோடு சேர்ந்து நின்றுபோய், திரும்பவே வராத குழந்தைகளும் சிலர் உண்டு. நூலக வேளையில் வருகிறார்கள், கதை கேட்கிறார்கள், வீட்டுக்குப் புத்தகம் எடுப்பதில்லை. இவர்களைக் கணக்கில் சேர்க்காமல் மாற்றம் வெற்றி என்று எழுதினால் அது பழைய பதிவேட்டைப் போலவே ஆகிவிடும்.

மாற்ற வேண்டியவை

மறுபடி செய்வதென்றால், மாற்றங்களைச் செய்த வரிசையைத்தான் முதலில் மாற்றுவோம். அட்டை தெரிய அடுக்கியதும், சத்தமாக வாசித்ததும் உடனே பலன் கொடுத்தவை, யாருடைய எதிர்ப்பும் இல்லாதவை. அவை ஒரு பருவம் ஓடிய பிறகு சார்ட்டைக் கழற்றியிருந்தால் அந்த முதல் வாரங்களின் சரிவு இவ்வளவு இருந்திருக்காது. பெற்றோருக்கும் முன்பே சொல்ல வேண்டும். கூட்டத்தில் காரணம் சொல்வதைவிட, ஒரு நூலக வேளைக்கு அவர்களை அழைத்துப் பாயில் உட்கார வைப்பது மேல்.

வாசித்துக் காட்டும் கதைக்குக் குறைந்தது மூன்று பிரதியாவது வாங்கிய பிறகே தொடங்க வேண்டும். ஆசையைக் கிளப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வைப்பது, வாசகரின் நேரத்தைச் சேமி என்ற ரங்கநாதனின் நான்காம் விதிக்கு நேர் எதிர். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒவ்வொரு குழந்தையையும் தனியாக ஒரு பத்தி படிக்கச் சொல்லிக் கேட்பதையும் வழக்கமாக்குகிறோம், மதிப்பெண் இல்லாமல். நினைவாற்றலின் பின்னால் ஒளிந்திருப்பவர்கள் வேறு யாரும் உண்டா என்பது அப்போதுதான் தெரியும்.

ஐந்தாம் வகுப்புப் பையன்களில் ஒரு கூட்டத்தை இந்த மாற்றங்கள் எதுவும் தொடவில்லை. புத்தகம் ஒட்டும் வேலைக்கு முதலில் வந்து நிற்பவர்கள் அவர்கள்தான், ஒட்டிய புத்தகத்தைப் படிப்பதில்லை. அடுத்து வாங்கவிருக்கும் நூல்களின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துப் பார்த்தோம். ஆர்வமாக எழுதிக்கொண்டு வந்தார்கள். முக்கால்வாசி படக்கதைகள் (காமிக்ஸ்), மீதி விளையாட்டு வீரர்களைப் பற்றியவை. படக்கதையைப் பள்ளிப் பணத்தில் வாங்கலாமா என்பதில் ஆசிரியர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். பட்டியல் தலைமையாசிரியர் மேசையில் இருக்கிறது.